கழுவாத இன்சுலேட்டருக்குப் போட்ட டிக்

1. எங்கள் ஆலையின் ஒரே பலம்

கேஸ் டர்பைன் ஆலைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் டர்பைனைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பணிக்காலம் முழுக்க அதன் சத்தத்திலேயே கிடந்தவன், வெளியே படிந்த உப்பைப் பார்க்கத் தவறினேன். அதைத்தான் எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, ஊர் முடியும் இடத்தில் இருந்தது எங்கள் ஆலை. நடுத்தர அளவு. எரிவாயு விலை ஏறிய பிறகு எங்கள் மின்சாரத்தைச் சீந்துவாரில்லை. மாலையில் தேவை கூடினால் மட்டும் கூப்பிடுவார்கள். ஆனால் புயலில் பெரிய லைன்கள் எல்லாம் விழுந்தாலும், சொந்த டீசல் ஜெனரேட்டரை வைத்து டர்பைனை எழுப்பி, இந்தக் கரையோரத்து ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் பம்புக்கும் ஐஸ் பிளான்ட்டுக்கும் எங்களால் கரன்ட் கொடுக்க முடியும். இதற்குப் பெயர் பிளாக் ஸ்டார்ட்.

அதை ஒருமுறை செய்து காட்டினால் ஆலையை அவசரத்துக்கென்று வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் மூடிவிடுவார்கள் என்று மேலிருந்து கடிதம் வந்தது. ஐப்பசி முதல் வாரம் சோதனை.

2. செல்வம் கேட்ட இரண்டு மணி நேரம்

செல்வம் ஸ்விட்ச்யார்டில் கான்ட்ராக்ட் வயர்மேன். அப்பா, அம்மா இருவரும் உப்பளக் கூலி. ஸ்விட்ச்யார்டு என்பது ஆலையிலிருந்து கரன்ட் வெளியே கிளம்பும் இடம். அங்கே கம்பிகளைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்களில் கடற்காற்று உப்பைப் பூசிக்கொண்டே இருக்கும். காய்ந்த உப்பால் தொந்தரவு இல்லை. தூறலில் நனைந்துவிட்டால் அதன் வழியாகவே கரன்ட் பாயும். அதனால் மழைக்கு முன் லைனை நிறுத்தி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

சோதனைக்கு மூன்று நாள் முன் செல்வம் என்னிடம் வந்தான். நான் ஷிப்ட் இன்சார்ஜ்.

"சார், ரெண்டு மணி நேரம் லைன நிறுத்திக் குடுங்க, கழுவிடலாம். ஆஃப்ல இருக்கிற ஒண்ணத் தொட்டுப் பாத்தேன், நறநறன்னு இருக்குது."

"சித்திரையிலதான கழுவுனோம்?"

"அதுக்கப்புறம் சரியா மழையே இல்லீங்களே சார். பெரிய மழை பேஞ்சா அதுவே கழுவிட்டுப் போயிடும். தூறல் வந்தாதான் மாட்டிக்குவோம்."

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தணிகாசலம், ஆபீசருங்க வர்ற நேரத்துல லைன நிறுத்துனா என்ன நெனைப்பாங்க? கேட்டுக்கு பெயின்ட் அடிக்க ஆள் இல்ல. அவன அங்க அனுப்புங்க."

அனுப்பினேன். மறுநாள், சோதனைக்கான செக்லிஸ்ட் வந்தது. போன மாதத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மாதத் தாளில் டிக் போடுவது எங்கள் ஆலை வழக்கம். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. 'இன்சுலேட்டர் சுத்தம் செய்யப்பட்டது' என்ற வரிக்கு நேரே நானும் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த நேரத்தில் செல்வம் கேட்டில் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

3. தூறல்

சோதனை அன்று காலை பத்து மணிக்கு வெளி சப்ளையைத் துண்டித்தார்கள். டீசல் ஜெனரேட்டர் ஓடியது. டர்பைன் எழுந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. லைனில் கரன்ட் ஏற்றினோம். ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி என் கையைக் குலுக்க நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

அப்போது தூற ஆரம்பித்தது. ஸ்விட்ச்யார்டில் படபடவென்று சத்தம், நீல வெளிச்சம், பிறகு ஒரு வெடி. பிரேக்கர் டிரிப் ஆகி லைன் போனது, டர்பைனும் டிரிப் ஆகி நின்றது. கன்ட்ரோல் ரூமில் அத்தனை அலாரமும் ஒன்றாகக் கத்தின. அதிகாரி மறுபடி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"கான்ட்ராக்ட் ஆளு சரியா துடைக்கலன்னு எழுதிடுங்க. உங்க டிக் இருக்குது, கையெழுத்து இருக்குது. வேற என்னத்த எழுதுவீங்க? ரிட்டயர் ஆவப் போற நேரம் உங்களுக்கு."

எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. சாயங்காலம் கேட்டில் செல்வத்தின் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

"சார், நான் கேட்டேன்ல? சொல்லுங்க சார்."

செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்தார். நான் வாட்சைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பொங்கலுக்குள் ஆலையை மூடினார்கள். இப்போதெல்லாம் புயல் வந்தால், தூரத்து லைனைச் சரிசெய்யும்வரை இந்தக் கரை நாள்கணக்கில் இருட்டில் கிடக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் டீசல் கேனோடு ஆட்கள் நிற்பதைப் பார்த்தால் நான் வேறு தெருவில் போய்விடுகிறேன்.

4. வெள்ளைத்தாள்

போன மாதம் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் செல்வமே என்னைப் பார்த்துவிட்டு வந்தான். இளைத்திருந்தான். மறுபடி உப்பளத்தில் கூலி வேலையாம்.

"சார், பாண்டியில ஒரு கம்பெனியில வயர்மேன் எடுக்குறாங்க. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேக்குறாங்க. நம்ம பழைய கம்பெனி ஹெட் ஆபீஸ்ல போய்க் கேட்டா, அலட்சியத்தால நீக்கினோம்னுதான் எழுதிருக்குதாம்."

பக்கத்துக் கடையில் வெள்ளைத்தாள் வாங்கினேன். கழுவ வேண்டும் என்று கேட்டவன் இவன், லைனை நிறுத்தாமல் இவனை பெயின்ட் அடிக்க அனுப்பியவன் நான், செய்யாத வேலைக்கு டிக் போட்டவனும் நான் என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். கீழே என் பெயர், பழைய பதவி, கையெழுத்து. செல்வம் நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.

"சீல் இல்லாம எடுத்துக்க மாட்டாங்க சார்."

தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான்.

இளைய இன்ஜினீயர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உண்மையை, சீல் உங்கள் மேஜையில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.