நூகு நடக்கிறார்

நடைப்பயிற்சி போகிறவர்களைக் கண்டாலே நூகுவுக்கு ஆகாது. காரைக்கால் கடற்கரைச் சாலையில் விடிந்தும் விடியாமலும் கையை வீசிக்கொண்டு போகும் கூட்டத்தைப் பற்றி அவர் பேசாத பேச்சில்லை. "போற எடத்துல ஒரு வேலையும் கெடையாது. அதுக்கு இத்தன அவசரம்!" என்பார். வளைகுடாவில் இருபத்தாறு வருடம் ஒரு கிடங்கில் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தவர். ஊர் திரும்பி சூட்கேஸும் பயணப்பையும் விற்கும் கடை போட்டார், அங்கேயும் நாற்காலிதான். ஐம்பத்தேழு வயதில் அவர் உடம்பில் நன்றாக உழைத்திருந்த ஒரே உறுப்பு நாக்கு. தின்பதற்கும் அதுதான், திட்டுவதற்கும் அதுதான்.

அப்படிப்பட்டவர் நடந்தே தீரவேண்டிய நாள் வந்தது. அவரும் மனைவி பத்ருன்னிசாவும் உம்ராவுக்குப் போவதென்று மகன் தௌஹீத் தோஹாவிலிருந்தபடியே முடிவு செய்துவிட்டான். புறப்பட நூறு நாள் இருந்தது. மக்காவில் கஅபாவை ஏழு சுற்று சுற்றி வர வேண்டும். பிறகு ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏழு தடவை தொங்கோட்டம். அது மட்டுமே மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது. நூகு வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குப் போகவே ஸ்கூட்டரை எடுப்பவர். நடுவில் இருப்பது ஏழு வீடு.

பயணக்குழுவை அழைத்துப் போகும் முகம்மது இப்ராஹிம் முதல் கூட்டத்திலேயே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான். அண்ணனை நானா என்றும் அக்காவை லாத்தா என்றும் கூப்பிடுவது அவர்கள் வழக்கம்.

"நானா, உங்களுக்கு வீல்சேர்னு எழுதிடவா?"

"எனக்கா? என்னயப் பாத்தா எப்படித் தெரியுது?"

"கொஞ்சம் கனமாத் தெரியுது நானா."

குழுவில் இருந்த பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், அவர் யார் யாரைக் கிண்டல் செய்திருந்தாரோ அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். இவர்கள் கண்முன்னால் உட்கார்ந்தபடி தள்ளப்பட்டுப் போவதைவிடப் போகாமலே இருந்துவிடலாம் என்று நூகுவுக்குப் பட்டது. "எழுதாத. நான் நடப்பேன்" என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பத்ருன்னிசாவும் அதையே பிடித்துக்கொண்டாள். "வாயால நடந்தாப் போதாது. நாளைக்கு விடியக்கால சுபுஹு தொழுதுட்டு அப்படியே கெளம்புங்க."

கிளம்பினார். தௌஹீத் அனுப்பிய ஷூ வாத்துக்குஞ்சு மஞ்சளில் இருந்தது. முதல் நாள் அரசலாற்றுப் பாலத்தைக்கூடத் தொடவில்லை. மூச்சு வாங்கி ஒரு மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கே வந்து பிடித்தார் சண்முகசுந்தரம். மின்துறையில் ஓய்வு பெற்றவர், நடப்பவர்களுக்கெல்லாம் தன்னைத்தானே தலைவராக நியமித்துக்கொண்டவர்.

"பத்து நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு நடங்க பாய். பதினோராவது நாள் ஒடம்பே தேடும். அப்பறம் இந்த சொகத்த விடவே மாட்டீங்க."

நூகு பத்து நாள் எண்ணினார். பதினோராவது நாள் உடம்பு தேடியது மெத்தையை. இருபதாவது நாளும் அதையேதான் தேடியது. சுகம் என்கிறார்களே, அது எந்த மூலையிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டே நடந்தார். வந்ததெல்லாம் குதிகால் வலியும் தொடை உராய்ந்த எரிச்சலும்தான். இத்தனை பேர் ஒன்றுகூடி ஒரே பொய்யை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது அவருக்கு.

அதைவிடப் பெரிய தொல்லை ஊர். பக்கத்து மாவட்டத்தைவிட இங்கே பெட்ரோல் மலிவு என்பதால், எதிர்வீட்டில் தயிர் வாங்கக்கூட வண்டியை உதைக்கிற ஜனங்கள். வண்டி வைத்திருக்கும் மனிதன் நடந்து போனால் இவர்களுக்குப் பொறுக்காது. பத்தடிக்கு ஒருவன் நிறுத்துவான். "ஏறுங்க நானா." "என்ன பாய், வண்டி ரிப்பேரா? வாங்க, விட்டுடறேன்." வேண்டாமென்றால் அது மரியாதைக் குறைவு. அடுத்த தெரு ஜெயபிரகாஷை ஒரு நாள் வேண்டாமென்று அனுப்பிவிட்டார். சாயங்காலமே அவன் கடைக்கு வந்து நின்றான். "எம்மேல ஏதும் வருத்தமா பாய்? நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டனா?" அவனைச் சமாதானப்படுத்த ஒரு டீயும் அரை மணி நேரமும் ஆயிற்று. கடை நொடித்துப்போய் ஸ்கூட்டரை விற்றுவிட்டார் என்று கோட்டுச்சேரி வரைக்கும் பேச்சு.

ஆகவே நூகு ஏற ஆரம்பித்தார். ஊரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? தெருமுனையில் யார் பின்னாலாவது ஏறி, காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் இறங்கி, மீன் ஏலத்தைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்து, இரண்டு இறால் வாடாவும் ஒரு டீயும் முடித்து, வேறொருவன் பின்னால் ஏறித் திரும்புவார். தெருமுனையிலிருந்து வீடு வரை மட்டும் வேகமாக நடப்பார்; மூச்சு வாங்க வேண்டுமல்லவா.

"எது வரைக்கும் போனீங்க?" என்பாள் பத்ருன்னிசா.

"கடல் வரைக்கும்."

அதில் பொய் எதுவும் இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. அவள் இடியாப்பத்தைத் தட்டில் வைப்பாள். இப்படியே அறுபது நாள் போயிற்று. மக்காவில் எப்படியும் சமாளித்துவிடலாம், அங்கே போனால் தானாகத் தெம்பு வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது கூட்டம் ஒரு நிக்காஹ் மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். இப்ராஹிம் பட்டியலை வாசித்தான். விமானம், அறை, சாப்பாடு எல்லாம் முடிந்து, "வீல்சேர் ஒண்ணு" என்றான். நூகுவின் காது சிவந்தது. பயல் தன்னைக் கேட்காமல் எழுதிவிட்டான் என்று எழுந்தே விட்டார்.

"பத்ருன்னிசா லாத்தாவுக்கு" என்று முடித்தான் இப்ராஹிம். "தள்ளுறதுக்குக் கூலி ஆள் வேண்டாம், வூட்டுக்காரரே தள்ளுவாருன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. சரிதானே நானா? நின்னுட்டீங்களே, சொல்லுங்க."

நூகு சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பத்ருன்னிசாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் அவர் தோளை அழுத்திப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, கொஞ்சம் நின்று, மறு காலை இறக்கினாள். எத்தனையோ வருடமாக அவருடைய வண்டியில்தான் ஏறி இறங்குகிறாள். எப்படி இறங்குகிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"முட்டி எப்பலேர்ந்து இப்படி?"

"மூணு வருஷமாச்சு. அடுப்படியில ஸ்டூல் போட்டு ஒக்காந்துதான் ஆக்குறேன்."

"எங்கிட்ட சொல்லல?"

"அடுப்படிக்கு நீங்க வந்திருந்தா சொல்லாமயே தெரிஞ்சிருக்கும்."

நூகு ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டார். "தௌஹீத வரச் சொல்லவா? அவன் தள்ளட்டுமே" என்றார்.

"அவனுக்கு லீவு கெடையாது. யாரோ ஒரு ஆம்பள தள்ள, அத்தன கூட்டத்துல நான் ஒக்காந்து போவணுமா? அதுக்குத்தான் ஒங்கள நடக்கச் சொன்னேன். மெலியறதுக்கா சொன்னேன்?"

"நான் நடக்கல பத்ரு." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "வண்டியில ஏறித்தான் போனேன்."

"தெரியும். நீங்க ஏற ஆரம்பிச்ச மொத வாரமே ஜெயபிரகாஷ் பொண்டாட்டி சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா எம்பேர எழுதிக் குடுத்த?"

"வேற யாரு பேர எழுதறது?" என்றாள் பத்ருன்னிசா, சுவரைப் பிடித்துப் படியேறிக்கொண்டே.

பெருந்தன்மை, சபதம், கண்ணீர் எதுவும் நூகுவுக்கு வரவில்லை. அவமானம்தான் வந்தது. ஊரிலுள்ள ஒவ்வொருவனின் நடையையும் அளந்து கேலி பேசிய மனிதருக்கு, சொந்த வீட்டுக்குள் ஒருத்தி நொண்டுவது தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டை அவரே அடுப்படிக்குக் கொண்டுபோனார். ஸ்டூல் அங்கே இருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு கால் விரிந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

மறுநாள் காலை கடல் வரைக்கும் நடந்து போய், நடந்தே திரும்பினார். வழியில் வண்டியை நிறுத்திய நான்கு பேருக்கு வருத்தம். ஒரு அடிகூட அவருக்குப் பிடிக்கவில்லை.