ஈரம் குடிக்கிற கல்

கனடாவிலிருந்து நெடுந்தீவுக்கு வந்திறங்கிய அக்காவின் கைப்பைக்குள் ஒரு சின்னத் துணிமுடிச்சு இருந்தது. நகையாக்கும் என்று நினைத்து நானும் மரியாதையாக அலுமாரிக்குள் வைக்கப் போனேன். அவிழ்த்துப் பார்த்தால் முழுக்க வெள்ளைப் பொட்டலங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் விற்றமின் போத்தலுக்குள்ளும் தின்னக் கூடாது என்று எழுதிக் கிடக்குமே, அந்தச் சிலிக்கா மணிப் பொட்டலங்கள். நாலைந்து வருடமாக ஒன்றையும் எறியாமல் சேர்த்தாளாம்.

எல்லாம் புழுக்கொடியலுக்காக. பனங்கிழங்கை அவித்துக் கிழித்துக் காயவைத்து, தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்கிற அதே புழுக்கொடியல்தான். போன முறை அவள் கொண்டுபோனது அங்கே அலுமாரிக்குள் இருந்து பூஞ்சணம் பிடித்து, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டதாம். குப்பையில் கொட்டிய கதையைத் தொலைபேசியில் சொன்னபோது, ஏதோ செத்தவீட்டுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

இந்த முறை அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள்: "இனி என்னாலை வள்ளம் ஏறி இறங்க ஏலாது தம்பி. இதுதான் கடைசிக் கொண்டுபோகல். பழுதாகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும்."

எங்கள் வளவுக் கிழங்கைக் கிண்டி, அவித்து, பன்னிரண்டு நாள் வெயிலில் போட்டோம். ஒன்றை எடுத்து முறித்தால் சடக் என்று கேட்கவேண்டும். வளைந்தால் காயவில்லை. அது எங்கள் வீட்டுச் சட்டம்.

அக்கா தன் பொட்டலங்களைச் சூடான தாச்சியில் மெல்ல வாட்டி, குடித்த ஈரத்தைப் போக்கி, மூடிப்போத்தலில் அடைத்தாள். ஆருக்கு இந்தக் கறி என்று நான் நக்கலடித்தேன். சப்பாத்துப் பெட்டியிலிருந்து வந்த சரக்கை நம்பலாமோ, அப்பாவின் முறை இருக்க இதெல்லாம் எதற்கு என்று ஒரு பிரசங்கமும் வைத்தேன்.

அப்பாவுக்கு மலைநாட்டுப் பக்கம் கடை. வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊர். விசுக்கோத்துத் தகரத்தின் அடியில், துணியில் கட்டிய சுண்ணாம்புக் கல் ஒன்று எப்போதும் கிடக்கும். சுட்டு எடுத்த, இன்னும் தண்ணீர் காணாத கல். காற்றில் உள்ள ஈரத்தை அதுவே குடித்துக் குடித்து ஒருநாள் மாவாகிவிடும். மாவானால் வேறு கல் மாற்றுவார். மழைநாளிலும் அவருடைய விசுக்கோத்து மொறுமொறு என்றிருந்ததாக ஊரே பேசும். ஊரே என்றால் அப்பாவும் அம்மாவும்.

அப்பா லீவுக்கு வரும்போது அந்தக் கல்லில் ஒன்றிரண்டு வீட்டுக்கும் வரும். நானும் அக்காவும் ஒன்றைக் களவெடுத்துக் கிணற்றடியில் வைத்து, சிரட்டையால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். கல் சீறும், வெடிக்கும், வெள்ளையாக ஆவி விட்டுக் கொதிக்கும். நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவோம். அப்பா பூவரசந் தடியோடு பின்னால் ஓடிவருவார். அக்காவின் முழங்கால் அந்தக் காலத்தில் மிக நல்ல முழங்கால்.

ஆகவே தண்ணீர் பட்டால் அந்தக் கல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சுண்ணாம்பு சுடுகிற ஒருவரிடம் கல் வாங்கினேன். அப்பாவின் பழைய தகரத்தைத் தேடி எடுத்தேன். அடியில் கறள் தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. அதை மெழுகுதிரி உருக்கி அடைத்தேன். அடியில் கல்லு மூட்டை, மேலே புழுக்கொடியல், அதற்கு மேல் மூடி. தகரத்தை யூரியாப் பையில் போட்டுத் தைத்து, சிவப்பு மையால் பெரிதாக விலாசமும் எழுதினேன். அக்கா தன் பொட்டலப் போத்தலையும் எடுத்துத் தன் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள். அப்போதே எனக்கு யோசனை வந்திருக்கவேண்டும்.

அக்கா திரும்பிப் போகிற நாள், அக்கரையில் உள்ள குறிகட்டுவானுக்குப் போகிற வள்ளத்தில் பொதிகளையெல்லாம் பின்பக்கம் அடுக்கினார்கள். எல்லாம் யூரியாப் பைகள்தான். அன்று பலத்த காற்று. பாதி வழியில் அலை ஏறி ஏறிப் பின்தட்டில் அடித்தது. நான் அக்காவுக்குக் கடலின் குணங்களை விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பொதிகளுக்கு நடுவிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. கூடவே கொறகொற என்று ஒரு சத்தம்.

ஆளில்லாத பொதி ஒன்று புகைந்தால், குண்டு வெடித்த காலத்தைக் கண்ட எங்கள் வயதுக்காரருக்கு மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். என் கால் என்னை வள்ளத்தின் முன்மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எப்படிப் போனேன் என்று தெரியாது. பார்க்கும்போது மிதவைச் சட்டை ஒன்று என் கழுத்திலும் இன்னொன்று மடியிலும் இருந்தன. மடியில் இருந்தது அக்காவுக்குத்தான் என்று பிறகு சொன்னேன். அக்கா இருந்த இடத்திலேயே இருந்தாள்.

உது ஆரின்ரை பொதி என்று நான்தான் முதலில் கத்தினேன். பக்கத்தில் இருந்த கருவாட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"என்ரை பொதி மணக்கும் தம்பி, புகையாது."

நெருப்பைக் கண்டவன்போல நான் வள்ளக்காரருக்குக் கட்டளை போடத் தொடங்கினேன். தூக்கிக் கடலில் எறியச் சொன்னேன். பொறுப்பில்லாத மனிசர் என்றேன். இப்படியான ஆட்களை வள்ளத்தில் ஏற்றவே கூடாது என்றேன். இரண்டொருவர் தலையாட்டினார்கள், எனக்கு இன்னும் துணிவு வந்தது.

வள்ளக்காரர் கொளுக்கித் தடியால் பையை இழுத்துத் தூக்கினார். வள்ளத்தின் விளிம்புக்கு மேலே, கடலுக்கு நேரே பிடித்தபடி அதைத் திருப்பினார். சிவப்பு மை தெரிந்தது. வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, ஏறேக்கை நீங்கள்தானே இதைத் தந்தனீங்கள். எறியவோ?"

அந்தக் கொளுக்கியில் தொங்கியது அக்காவின் கடைசிப் புழுக்கொடியல்.

"எறியாதேங்கோ!" என்று அக்கா எழும்பிவிட்டாள். ஏலாது என்ற முழங்காலோடு, ஆடுகிற வள்ளத்தில், பின்தட்டு வரைக்கும் போய்ப் பையை வாங்கி வைத்துத் தையலைப் பிரித்தாள். சேலைத் தலைப்பால் பிடித்து மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி. உள்ளே பார்த்தவளின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்து மிதவைச் சட்டையோடு ஓடினேன்.

"தம்பி," என்றாள், சிரிப்பை அடக்க ஏலாமல், "சிரட்டை ஞாபகமிருக்கோ?"

குறிகட்டுவான் இறங்குதுறையில் தகரத்தைக் கவிழ்த்தோம். மெழுகு கழன்று, ஓட்டையால் கடல் ஏறி, கல்லு மூட்டை பிதுங்கி வெடித்திருந்தது. அடியில் இருந்த பாதி சுண்ணாம்புச் சாந்தாகியிருந்தது, அதை எறிந்தோம். மேல்பாதி தப்பியிருந்தது, ஆனால் ஆவியில் நனைந்து துவண்டுபோயிருந்தது. முறித்துப் பார்த்தேன், வளைந்தது.

அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துச் சீமெந்தில் விரித்தாள். யாழ்ப்பாண பஸ் புறப்பட்டுப் போனது. அடுத்ததும் போனது. நாங்கள் இரண்டுபேரும் வெயிலில் குந்தியிருந்து, அப்பா இருந்தால் இப்போது யாருக்கு அடி விழும் என்று வாதாடினோம். கருவாட்டுக்காரம்மா வந்து இரண்டு துண்டு எடுத்துக்கொண்டா, நான் கத்தியதை ஊரில் சொல்லாமல் இருப்பதற்கு என்றா. அந்த விலை மலிவுதான். ஆனால் நான் வீடு திரும்புமுன் கதை நெடுந்தீவு முழுக்கப் போயிருந்தது.

யாழ்ப்பாணத்தில் இன்னும் இரண்டு நாள் மொட்டைமாடியில் காயவைத்தோம். பிறகு இறுக்கமான மூடிவாளியில் போட்டு, அக்கா தன் போத்தலைத் திறந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக இடையில் சொருகினாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரசங்கம் ஒன்றும் வைக்கவில்லை. வெறுந்தகரத்தை மட்டும் நான் திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது அதில் ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே இன்னும் பனி என்றாள். வாளியை இன்றைக்குத்தான் திறந்தேன், ஒரு புள்ளிப் பூஞ்சணம் இல்லை, கொஞ்சம் சுண்ணாம்பு மணம்தான், வெற்றிலை போட்டமாதிரி இருக்கிறது என்றாள். பிறகு, கேள் என்று சொல்லி எதையோ தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

சடக்.

அது புழுக்கொடியல்தானா, முழங்காலா என்று கேட்டேன். கனடாவிலிருந்து கிடைத்த ஏச்சு தெளிவாகவே கேட்டது.