மூன்றாம் தட்டு

குடுவையின் அடிப்பக்கத்தை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பான் என் தம்பி. சூடு பொறுக்கும் அளவுக்கு வந்ததும், தட்டின் மூடியை ஒருக்களித்துத் தூக்கி, கிருமி வளர்க்கும் அகார் கூழைக் குமிழி இல்லாமல் ஊற்றுவான். ஒரு நாளைக்கு நூற்றிருபது தட்டு. ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. அங்கே அவனுக்குத் ‘தட்டுக்காரர்’ என்றே பெயர். நான் சொல்லப்போகும் நாளிலும் அப்படித்தான் ஊற்றினான், ஒரு தட்டைத் தவிர.

சில கிருமிகள் மருந்து உள்ளே போனாலும் சாவதில்லை. அவற்றின் மேலுறையில் பம்பு மாதிரி ஒன்று இருக்கிறது. நுழைந்த மருந்தை அதே வேகத்தில் வெளியே இறைத்துவிடும். அந்தப் பம்பை அடைக்கப் பொருள் கிடைத்தால் பழைய மருந்தே மறுபடி வேலை செய்யும். அதைத்தான் ஆய்வகத்தில் தேடினார்கள். முப்பத்தெட்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். எந்த மருந்துக்கும் அசையாத புண்களுக்கு நிறையக் கட்டுப் போட்டிருக்கிறேன். அதனால் இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

தலைமை ஆராய்ச்சியாளரை எல்லோரும் மேடம் என்பார்கள். மூன்று வருடம் உழைத்து அவர் தயாரித்த அடைப்பான், ஒரு சின்னக் குப்பி அளவே இருந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு தட்டு. முதலாவதில் கிருமி மட்டும், இரண்டாவதில் அதோடு மருந்து, மூன்றாவதில் கிருமியோடு அடைப்பான் மட்டும், நான்காவதில் மருந்தும் அடைப்பானும். நான்காவதில் கிருமி செத்தால் சந்தோஷம்தான். ஆனால் மூன்றாவதில் அது நன்றாக வளர்ந்திருக்க வேண்டும். அங்கேயும் செத்திருந்தால், அடைப்பான் வெறும் விஷமாகவும் இருக்கலாம்.

கடைசிச் சோதனையில் என் தம்பி மூன்றாம் தட்டை ஊற்றவே இல்லை. குப்பி காலியாகிறதே என்று மிச்சம் பிடித்தான். இந்த முறை அடைப்பானின் அளவு நான்கு மடங்கு என்று தெரிந்தும், போன சோதனையைப் பார்த்து ‘நன்றாக வளர்ந்தது’ என்று ஏட்டில் எழுதிவிட்டான்.

நான்காம் தட்டு சுத்தமாக இருந்தது. மேடம் அழுதே விட்டாராம். எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். தம்பியும் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தான்.

“ஏங்க, கிருமி செத்ததுக்கா இனிப்பு? பாவம், அதுக்கும் புள்ளகுட்டி இருக்கும்,” என்றாள் அவன் மனைவி.

அவன் சிரிக்கவில்லை. பெட்டியையும் பிரிக்கவில்லை.

“அண்ணி, உங்க தம்பி வாயத் தெறக்க மாட்டேங்கறாரு. நீங்களே கேளுங்க.”

அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

“என்னடா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?”

“ஒரு பிளேட்ட ஊத்தாமயே எழுதிட்டேன்க்கா.” எல்லாவற்றையும் சொன்னான். “நாளைக்கு ரிப்போர்ட் போகுது. அடுத்து எலிக்குக் குடுப்பாங்க. அப்புறம் மனுஷனுக்கு.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. யாராவது கண்டுபிடிச்சுத் திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.”

“சொன்னா வேலை போயிடுமா?” என்றாள் மனைவி.

“போகலாம். அது கூடப் பரவால்ல. என்னைய நம்பித்தான் மேடம் இத்தன வருஷமா ஒரு தட்டக்கூடத் திருப்பிப் பாத்ததில்ல.”

நான் புத்தி சொல்லவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. வார்டில் ஆள் குறைந்த நாட்களில், தெர்மாமீட்டர் வைக்காமலே அட்டையில் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று எழுதியிருக்கிறேன். ஒருமுறை அப்படி எழுதிய ஒரு நோயாளிக்கு உண்மையில் நூற்று மூன்று இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றுதான் முதல்முறையாக அவனிடம் சொன்னேன்.

“அடிப்பாவி, நீயுமாக்கா?”

“நானுந்தான். சொல்லாம விட்டுட்டேன். இன்னும் உறுத்துது.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய் மேடத்தின் அறை வாசலில் நின்றான். அவர் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டான். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாராம்.

“குப்பியில எவ்வளவு மிச்சம்?”

“ஒரு பிளேட்டுக்கு வரும், மேடம்.”

ஏட்டை அவனிடமே நீட்டினார். அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘இந்தத் தட்டு ஊற்றப்படவில்லை’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டான். மேடம் ஃபோனை எடுத்து, அறிக்கைக்குக் காத்திருந்தவர்களிடம் அது இன்று வராது என்றார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருக்க வேண்டும்.

“எங்க லேப்ல ஒரு தப்பு நடந்திருக்கு,” என்றார், தம்பியைப் பார்க்காமல்.