மதுரை டாக்டரம்மாவுக்கு மலைப்பூண்டு

எண்பதுகளின் நடுவில், கொடைக்கானலில் மிஷன் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு கிளார்க் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். எது சரி, எது தப்பு என்பதெல்லாம் ஏதோ ஒரு புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கும், தேடினால் கிடைத்துவிடும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி டாக்டருக்கு அமெரிக்காவிலிருந்து அவருடைய அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை டி.வி.யோடு இணைத்து, புரோகிராம் பதிந்த ஒரு கேசட்டை ஓடவிட்டால் அது மனக்குறை கேட்கும். 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று டைப் அடித்தால், 'தூக்கம் வராதது உங்களை வருத்துகிறதா?' என்று எழுத்து வரும். மனநல டாக்டர் மதுரையிலிருந்து மாதம் ஒரு தடவைதான் மலையேறி வருவார். நடுவில் உள்ள நாட்களில் இதுவாவது காது கொடுக்கட்டுமே என்பது எங்கள் டாக்டரின் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அதனால் நோயாளி தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் அடித்து, திரையில் வருவதைத் தமிழில் வாசிக்க வேண்டும்.

முதலில் வந்தது கவுஞ்சியிலிருந்து ஓர் அக்கா. ஒரே மகளைப் பழனியில் கட்டிக்கொடுத்த பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. காரட் வயலில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார், யாரோடும் பேச்சில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று ஊரில் சொன்னார்களாம். வீட்டுக்காரர் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தார்.

ஆச்சரியம், எங்கள் அறையில் அவர் பேசினார். கொட்டித் தீர்த்தார். "மக இல்லாத வீட்டுல வெளக்கு எதுக்குன்னு இருக்கு" என்றார். நான் அடித்தேன். 'உங்கள் மகளைப் பற்றி மேலும் சொல்லுங்கள்' என்று வந்தது. அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா தம்பி, கேக்காக பாரு!" ஒரு மனுஷரை மரியாதையோடு சொல்வதுபோல் வந்த அந்த 'கேக்காக' எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. இரண்டு மூன்று தடவை வந்து போனதும் கொஞ்சம் தூங்குவதாக வீட்டுக்காரர் சொன்னார். டாக்டர் என் முதுகில் தட்டினார்.

அடுத்த தடவை அவர் ஒரு மஞ்சப்பை நிறைய மலைப்பூண்டோடு வந்தார்.

"இதை மதுரை டாக்டரம்மாட்ட சேத்துரு தம்பி. வெறுங்கையோட எத்தனை மட்டந்தான் பேசுறது? அவுகளுக்கு எத்தனை பிள்ளைக, பொம்பளப் பிள்ள இருக்கான்னு கேட்டுச் சொல்லு. எங்கதை அம்புட்டும் சொல்லிட்டேன், அவுக கதை ஒண்ணும் எனக்குத் தெரியலையே."

அப்போதுதான் விளங்கியது. ட்ரங்க் கால் போல, அந்தப் பக்கம் மதுரையில் ஓர் அம்மா உட்கார்ந்து கேட்கிறார் என்று அவர் நினைத்திருக்கிறார்!

பையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"ஏப்பா, தூங்குதுல்ல அந்தம்மா? வாங்கி வச்சுக்க. ரெண்டு பொண்ணு இருக்குன்னு சொல்லிரு" என்றார்.

"சார், அது பொய்யில்லையா?"

"சர்க்கரைத் தண்ணியக் குடுத்துக் காய்ச்சல் போனா உனக்கு என்னப்பா கஷ்டம்? உண்மையச் சொல்லி, தூக்கம் மறுபடி போச்சுன்னா நீயா பொறுப்பு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. நான் உண்மையைச் சொல்லி, அந்தத் தூக்கம் போய்விட்டால்? ஆனால் இல்லாத டாக்டரம்மாவுக்கு இல்லாத இரண்டு பெண்களைப் பெற்றுக்கொடுத்தால், அடுத்த வாரம் அவர்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்பாரே! திரும்பி வந்து சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்தப் பக்கம் யாரும் இல்ல. இது மெஷினு. நீங்க சொல்றதையே திருப்பிக் கேள்வியாக்கிப் போடுது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் எங்க கெடக்கு?"

"ஆப் பண்ணுனா போயிரும்க்கா."

"வெளிய சொல்லாதா?"

"சொல்லாது."

"அந்த மட்டும் எங்கூர்க்காரிகளுக்கு இது தேவல." சிரிப்பாரோ என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "ஆனா ஆளு இல்லேன்னு மொத நாளே சொல்லியிருக்கணும்ல? டி.வி. பொட்டிகிட்டயா அழுதேன் நானு?"

எழுந்து, மேசையிலிருந்த பூண்டுப் பையையும் எடுத்துக்கொண்டார். "அதுக்கு வாயில்ல, ஒனக்குச் சம்பளம் இருக்கு. பூண்டு எதுக்கு?" என்று போயே போய்விட்டார்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. டாக்டரே, கம்ப்யூட்டர் அறைக் கதவில் 'இது இயந்திரம். உள்ளே ஆள் இல்லை' என்று எழுதி ஒட்டச் சொன்னார். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாயால் சொன்னேன். பலர் திரும்பிப் போனார்கள். பள்ளங்கியிலிருந்து வந்த ஒரு வேன் டிரைவர் மட்டும், "ஆளு இல்லையா? அப்ப நல்லதாப் போச்சு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை.

மதுரையிலிருந்து மனநல டாக்டர் வரும் நாளில் அந்த அக்கா வந்தார், அதே பையோடு. பின்னால் வீட்டுக்காரர் கொட்டாவி விட்டபடி.

"எப்படிண்ணே இருக்காக?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒங்க டி.வி. பொட்டி கதையத்தான் ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறா. சாயங்காலம் ஆனா வீடு நெறையப் பொம்பளைக. சில நா நல்லா ஒறங்குறா, சில நா இல்ல."

அக்காவின் முறை வந்தது. உள்ளே போனவர் உட்காரவில்லை. டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்கு எத்தனை பிள்ளைக?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "மூணும்மா. மூணும் பொண்ணு."

"கட்டிக் குடுத்தாச்சா?"

"மூத்தவள மட்டும். போன ஆவணியில."

அக்கா பூண்டை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, கம்ப்யூட்டர் அறைப் பழக்கத்தில் கூடவே உள்ளே வந்து நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ என்ன நிக்கிற? ஒன் சோலியப் பாரு தம்பி. கதவச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கதவு திறக்கவே இல்லை. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். உள்ளேயிருந்து ஒருமுறை அழுகையும், ஒருமுறை டாக்டரின் சிரிப்பும் கேட்டன. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.