மலைமேல் இருந்த ஆலமரம்

தேசப்பன் அந்த மலையைக் கடலிலிருந்துதான் பார்த்திருக்கிறார். பழவேற்காட்டு மீனவனுக்கு மலைமேல் என்ன வேலை? ஆனாலும் 1957 பங்குனியில், தம்பி மணவாளனின் கருமாதி முடிந்த மறுநாள், கவரைப்பேட்டையில் சத்தியவேடு பஸ் பிடித்து, இறங்கி நடந்து, மலையடிக்கு வந்து சேர்ந்தார். துக்கம் என்று சொல்ல முடியாது. அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. வழியில் முள் குத்தியபோது வேறு யார் காலிலோ குத்தியது மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். விடியலில் திரும்பும் கட்டுமரம் முகத்துவாரத்துக்குள் ஒழுங்காக நுழைய வேண்டுமானால், கலங்கரை விளக்கத்துக்கு நேர் பின்னால் மலை உச்சி ஆலமரம் தெரிய வேண்டும். கொஞ்சம் விலகினாலும் மணல்திட்டு. அலை தூக்கி அடித்துவிடும். எப்போதும் துடுப்பு தேசப்பன் கையில்தான். மற்றவர்கள் அவர் பின்னாலேயே வருவார்கள். மாசியில்தான் முதல்முறையாகத் தம்பியிடம் துடுப்பைக் கொடுத்தார்.

"அண்ணா, ஆலமரத்தைக் காணோமே" என்றான் அவன்.

"கண்ணு அவிஞ்சி பூட்ச்சாடா? தோ நிக்குது பாரு! ராவெல்லாம் குடிச்சிக்கினு வந்தா மலையே தெரியாது."

துடுப்பைப் பிடுங்கித் தானே கரை சேர்த்தார். கரையில் இறங்கியும் விடவில்லை. எல்லார் முன்னாலும் அதையே சொல்லி ஏசினார். தம்பி ரோசக்காரன். மறுநாள் தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனவன் திட்டில் மோதிப் பிணமாக ஒதுங்கினான். குடிதான் கொன்றது என்று ஊர் பேசியது. பேச வைத்தவர் அண்ணன். தம்பி பெண்டாட்டி பச்சையம்மா மட்டும், "அவரு தொடவே இல்ல மாமா, ஆலமரம் இல்லன்னுதான் சொன்னாரு" என்று ஒரே பிடியாக நின்றாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து அவள் வாயை அடைக்கலாம் என்றுதான் தேசப்பன் மலை ஏறினார்.

உச்சி மொட்டையாகக் கிடந்தது. காய்ந்த புல், பாறை, காற்று. நடுவில் கரிந்த அடிமரத்தின்மேல் ஆடு மேய்ப்பவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஆலமரமா? இடி உயுந்து ரெண்டு வருசமாச்சி நைனா. மிச்சத்தைக் கரி சுட எத்துக்கினு பூட்டாங்க."

இரண்டு வருஷமாக ஒவ்வொரு விடியலிலும் தேசப்பன் அந்த மரத்தைப் பார்த்திருக்கிறார். சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பார். கண் எப்போதோ மங்கிவிட்டது; பழகின கை துடுப்பைத் திருப்ப, மனசு மரத்தை நட்டுக்கொண்டது. நல்ல கண் உள்ளவன் இல்லாததை இல்லை என்றான், அவனைக் குடிகாரனாக்கியாயிற்று. மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டிய இடம். அழுகை வரவில்லை. உச்சியில் இப்படியும் அப்படியும் கொஞ்சம் நடந்தார். கிழக்கே வெள்ளையாக ஒரு கோடு, கடலாக இருக்கலாம். தன் கண்ணை நம்பி எதையும் சொல்ல அவருக்குத் துணிவில்லை.

மறுநாள் வலை காயப்போடும் இடத்தில், ஊரார் காதுபடப் பச்சையம்மாவிடம் சொன்னார்: "ஆலமரம் இல்லம்மா. ரெண்டு வருசமாவே இல்ல. அவன் சொன்னதுதான் நெசம். குடின்னு நான் சொன்னது பொய்யி."

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்போ நீ மட்டும் எப்டி மாமா தெனமும் கரைக்கு வந்த?"

கை தானாகத் திரும்பிற்று என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால், அந்தக் கைப்பழக்கத்தைத் தம்பிக்கு ஏன் சொல்லித் தரவில்லை என்று கேட்பாள். குனிந்து, காய்ந்த வலையை மடிக்கத் தொடங்கினார்.