ராணியின் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜா

லண்டன் எல்லையிலுள்ள ஒரு பண்ணை வயலில், உரிமையாளரின் அனுமதியோடு, ஞாயிறுகளில் மெட்டல் டிடெக்டருடன் நடப்பது என் பொழுதுபோக்கு. ஆணியும் போத்தல் மூடியும்தான் அதிகம் அகப்படும். போன இலையுதிர் காலத்தில், கருத்துப்போன மெல்லிய வட்டத் தகடு ஒன்று கிடைத்தது.

டூட்டிங்கிலுள்ள எங்கள் வீட்டு மேசையில் அதை வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தபோது, என் கணவர் ஒரு கையில் தகடும் மறு கையில் பழப்புளியுமாக நின்றார்.

"குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி மினுக்கித் தாறன்."

"தேய்க்காதேங்கோப்பா. அதில இருக்கிறதெல்லாம் அழிஞ்சுபோகும்" என்று பறித்துக்கொண்டேன்.

"உது வெறும் தகரம்" என்றார்.

தண்ணீரில் மட்டும் அலசி, விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். மெல்ல மெல்ல, முடிசூடிய ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. தலைக்குப் பின்னால், நகத்தால் கீறியது போல ஒரு சின்ன ரோஜா. மறுபக்கம் ஒரு கேடயம், அதன் மேலே ஆண்டு. புத்தகத்தில் ஒப்பிட்டு, அளவையும் பார்த்தேன். முதலாம் எலிசபெத் ராணியின் வெள்ளி ஆறு பென்ஸ் நாணயம்.

அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்; அங்கிருந்த அலுவலரும் பார்த்துவிட்டு, நான் சொன்னதே சரி என்றார். யாராவது தேய்த்திருந்தால் அந்த ரோஜா போயிருக்கும் என்றும் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில், கண்டவர்களிடமெல்லாம் என் கணவர், "ஓம், இவதான் கண்டுபிடிச்சவ" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் எது கிடைத்தாலும் வயலிலேயே சிறு பெட்டியில் வைத்து மூடிவிடுகிறேன். இன்னதென்று தெரியும்வரை வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது. முக்கியமாக, என் கணவர்.