குழாயோடு டீ குடித்தவர்

எனக்குத் தொண்டைப் புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டிருந்த நேரம். கஞ்சிகூட இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டால்தான் உடம்பு தாங்கும், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார் டாக்டர். போட்டால் அப்புறம் வாயால் சாப்பிடவே முடியாது என்று எனக்குப் பயம்.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி எதிரே இருந்த டீக்கடையில்தான் அவரைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், காக்கிச் சட்டை. மூக்கிலிருந்து வந்த குழாயைப் பீடி மாதிரி காதில் சொருகியிருந்தார்.

"சக்கரை கம்மியா, நல்லா ஆத்திக் குடு மச்சான்."

ஆறிய டீயைப் பெரிய சிரிஞ்சில் ஊற்றிக் குழாய்க்குள் விட்டார்.

"நாக்குலயே படலையே அண்ணா, சக்கரை எதுக்குக் கம்மி?" என்றேன்.

"எனக்கு சுகர் கீதுப்பா. கேன்சர் வந்துட்டா அது பூடுமா?"

டீ மாஸ்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பயமா இல்லியா?"

"இல்லாம? தும்மல் வந்தாலே பயம். பிச்சிக்கினு வந்துட்டா மறுபடி போடணுமே." ஒரு விரலால் குழாயை மூக்கோடு அழுத்திக்கொண்டார். "ஆனா பசியோட பயந்துகினு கெடக்கறது இன்னும் பேஜாருப்பா."

உள்ளே போய் டாக்டரிடம் போடச் சொன்னேன். குழாய் இறங்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பயம் இன்னும் போகவில்லை. பசி மட்டும் இல்லை. தும்மல் வரும்போதெல்லாம் என் விரலும் தானாக மூக்குக்குப் போகிறது. அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.